பதினாறாவது மாடி வார்டன்

பிரிக்பீல்ட்ஸில் ஓர் உயரக் கட்டடத்தின் பதினாறாவது மாடியில் இருந்த காப்புறுதி அலுவலகத்தில் வேலாயுதம் மூத்த குமாஸ்தா. வயது ஐம்பத்தேழு. மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் சேர்ந்தவர், முப்பத்து மூன்று வருடத்தில் குமாஸ்தா ஆகி, மூத்த குமாஸ்தா ஆகி, அங்கேயே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் சேர்ந்த பிள்ளைகள் அவரைத் தாண்டி மேலே போனார்கள். அவர்களுக்குக் கண்ணாடி அறை கிடைத்தது, கார் நிறுத்த இடம் கிடைத்தது. அதற்கெல்லாம் வேலாயுதம் முகம் சுளித்ததே இல்லை. பதவி உயர்வு விருந்து என்றால் முதல் ஆளாகத் தட்டை ஏந்திக்கொண்டு போய் நிற்பார். "வேலாயுதண்ணே தங்கமான மனுசன் லா" என்று எல்லாரும் சொல்வார்கள்.

அந்தத் தங்கத்தைச் சுரண்டிப் பார்க்க ஓர் ஆரஞ்சு நிற வெஸ்ட் போதுமாக இருந்தது.

உயரக் கட்டடங்களில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வார்டன் உண்டு. தீ என்று மணி அடித்தால் அவர் சட்டைக்கு மேலே ஆரஞ்சு வெஸ்டை மாட்டிக்கொண்டு, கழிப்பறை முதல் கோப்பு அறை வரை தட்டிப் பார்த்து, ஆட்களைப் படிக்கட்டில் இறக்கி, கீழே கார் நிறுத்துமிடத்தில் வரிசையாக நிற்கவைத்துத் தலை எண்ண வேண்டும். சம்பளம் கிடையாது. வருடத்துக்கு ஒரு தடவை ஒத்திகை. யாரும் கேட்டு வாங்குகிற பதவி இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்பு ஒரு கூட்டத்தில் "யார் வார்டன்?" என்று கேட்டபோது எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள், வேலாயுதம் மட்டும் கையைத் தூக்கினார்.

தூக்கியதுதான், அதற்குப் பிறகு அவர் ஆளே மாறிப்போனார். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்கி, யாருக்கு ஆஸ்துமா, யார் படியில் மெதுவாக இறங்குவார், யார் காலையில் பத்து மணிக்கு ஒளிந்து சிகரெட் பிடிக்கப் போவார் என்று எல்லாம் எழுதி வைத்தார். ஒத்திகை நாளில் பத்தொன்பது மாடிகளிலும் அவருடைய மாடிதான் முதலில் காலியாகும். மேலதிகாரிகள்கூட அன்று ஒரு மணி நேரம் அவர் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். தன்னைத் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் "அண்ணே, நான் எங்க நிக்கணும்?" என்று கேட்கிற அந்த ஒரு மணி நேரத்துக்காக அவர் மீதி வருடத்தை ஓட்டினார் என்று சொன்னால் ரொம்பத் தப்பாகாது.

நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது. டொரத்தி.

டொரத்தி அந்த மாடியின் துப்புரவுப் பணியாளர். கிள்ளானிலிருந்து முதல் கொமுட்டர் ரயிலைப் பிடித்து வருவார். அலுவலக ஆள் இல்லை, குத்தகை நிறுவனத்தின் ஆள் என்பதால் ஊழியர் பட்டியல் எதிலும் அவர் பெயர் கிடையாது. ஒரு முட்டி தேய்ந்துபோனவர். முதல் வருட ஒத்திகையில் கூட்டத்தோடு இறங்கப் போய், ஒன்பதாவது மாடியில் யாரோ இடித்து விழப் பார்த்தார். அதற்குப் பிறகு வேலாயுதம் அவருக்குத் தனியாக ஒரு ஏற்பாடு சொல்லி வைத்தார். "மணி அடிச்சா நீங்க கூட்டத்தோட ஓடாதீங்க. பின்னால ஸ்டோர் ரூம்லயே இருங்க. எல்லாரையும் அனுப்பிட்டு நான் வரேன். நான் வர்ற வரைக்கும் அசையக் கூடாது. ரெண்டு பேரும் பின்பக்கப் படியில மெதுவா எறங்கலாம்."

பத்து வருடமும் அப்படியே வந்தார், அப்படியே இறக்கினார். டொரத்தி அவரைவிட ஒரு வயது மூத்தவர்தான், ஆனாலும் மரியாதைக்கு "வார்டன் அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். கிறிஸ்துமஸுக்கு அவருக்கென்று தனி டப்பாவில் கேக் வரும்.

இந்த வருடம் ஜனவரியில் முகுந்தன் வந்து சேர்ந்தான். பூச்சோங்கில் வீடு, முப்பத்து மூன்று வயது, நல்ல உயரம், கேட்பவர் சிரிக்கிற மாதிரி பேசுவான். வந்த மூன்றாவது வாரமே நிர்வாக மேலாளர் புஷ்பவல்லியிடம், வருகைப் பதிவை வைத்துக் கைபேசியிலேயே தலை எண்ணிவிடலாம் என்று செய்து காட்டினான். மேடத்துக்கு வாயெல்லாம் பல். அடுத்த கூட்டத்தில், "அங்கிள், நீங்க பதினோரு வருசமா செஞ்சிட்டீங்க, இனிமே கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி, வெஸ்டை முகுந்தனிடம் கொடுத்துவிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். வேலாயுதமும் தட்டினார்.

ரெஸ்ட். அந்தச் சொல் அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. நேற்றுவரை 'அண்ணே' என்று கூப்பிட்டவர் இன்றைக்கு 'அங்கிள்' என்கிறாரே என்பது இன்னொரு எரிச்சல். முகுந்தன் தன் நாற்காலியின் முதுகில் வெஸ்டைப் போட்டு வைத்திருந்தான். வேலாயுதத்தின் மேசையிலிருந்து பார்த்தால் நேராக அதுதான் தெரியும். கோப்பைப் பார்க்கிற நேரத்தைவிட அதைப் பார்க்கிற நேரம் அதிகமானது. சாலாக் செலாத்தானில் இருக்கும் வீட்டுக்குப் போனாலும் பேச்சு அங்கேயே சுற்றும்.

"தொங்கப் போட்டு வச்சிருக்கான் லெட்சுமி. ஒரு மரியாதை வேணாம்? நான் டிராயர்ல மடிச்சு வச்சிருப்பேன்."

"ஒரு வெஸ்ட்டுக்கா இவ்ளோ?" என்றார் மனைவி லெட்சுமி. "வீட்டுக் கேட் ஒரு மாசமா உடைஞ்சு கெடக்கு, அதப் பாருங்க."

முகுந்தன் ஒரு நாள் வந்து மரியாதையாகத்தான் கேட்டான். "அங்கிள், நீங்க ஏதோ நோட்டு எழுதி வச்சிருக்கீங்களாமே, ஒரு தடவ பாத்துட்டுத் தரவா?"

"அதெல்லாம் எப்பவோ தூக்கிப் போட்டாச்சு" என்றார் வேலாயுதம். நோட்டு அவர் டிராயரில்தான் இருந்தது.

இன்னொன்றையும் அவர் செய்யவில்லை. டொரத்தியிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் டொரத்தி மேசையைத் துடைத்துவிட்டு "வரேன் வார்டன் அண்ணே" என்று போகும்போது, இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பார், மூடிக்கொள்வார். அந்த மாடியில் அவரை இன்னமும் அப்படிக் கூப்பிடுகிற ஒரே ஆள் டொரத்திதான். அதையும் தன் கையால் முகுந்தனுக்குத் தூக்கிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஜனவரி போய் மே வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலை மணி பத்து இருக்கும். வேலாயுதம் ஒரு விபத்துக் கோரிக்கையைப் படித்துக்கொண்டிருந்தார். வரிகள் மெல்ல இடது பக்கம் போய்த் திரும்பி வருவதுபோல இருந்தது. பிரஷர் மாத்திரை போட மறந்துவிட்டோமோ என்று சட்டைப்பையைத் தடவினார். எதிர் மேசை விமலனுக்குச் சர்க்கரை வியாதி. அவன் அவசரமாக ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிச் சாய்ந்தான். ஒரு பெண், பக்கத்து மனையில் கட்டடத்துக்குப் பைலிங் அடிக்கிறார்கள் போல என்றாள். ஒரு அரை நிமிடம் அந்த மாடியில் ஒவ்வொருவரும் அவரவர் உடம்பைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்தார்கள். பிறகு ஜன்னல் மறைப்புகள் எல்லாம் ஒன்றாகக் கண்ணாடியில் தட்ட ஆரம்பித்தன.

"கெம்பா!" என்று மலாய்க்காரத் தோழி ஒருத்தி கத்தினாள். நிலநடுக்கம்.

கடலுக்கு அந்தப் பக்கம் சுமாத்ராவில் பூமி குலுங்கினால் இங்கே உயரக் கட்டடங்கள் ஆடும். சாலையில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது, பதினாறாவது மாடியில் இருப்பவனுக்கு வயிறு புரளும். கட்டடத்தின் மணியும் அடிக்க, ஆட்கள் எழுந்தார்கள். ஒருவர் மடிக்கணினியைக் கட்டிக்கொண்டார். ஒருத்தி பிரிக்காத நாசி லெமாக் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி, கைப்பையை மேசையிலேயே விட்டுவிட்டு நடந்தாள். இருவர் தொங்குகிற விளக்கைப் படம் பிடித்தார்கள். விமலன் கண்ணைத் திறந்து, "எனக்கு மட்டும்னு நெனச்சேன்" என்றான்.

வேலாயுதத்தின் உடம்பு தானாகவே எழுந்து நின்றது. கை டிராயருக்குப் போனது. அதற்குள் முகுந்தன் வெஸ்டை மாட்டிவிட்டான்.

"யாரும் ஓட வேணாம். லிஃப்ட் வேணாம். ரெண்டு ரெண்டு பேரா படியில வாங்க. போட்டோ எடுக்கிறவங்க கீழ போய் எடுங்க, அங்க லைட்டிங் நல்லாருக்கும்." சிரித்தார்கள். கட்டடம் ஆடிக்கொண்டிருக்கிறது, அவன் ஒரு வார்த்தை சொல்கிறான், ஆட்கள் சிரித்துக்கொண்டு வரிசையில் வருகிறார்கள். இரண்டு கழிப்பறைகளையும் தட்டினான், கோப்பு அறையைப் பார்த்தான். ஒன்றையும் தப்பாகச் செய்யவில்லை. வேலாயுதத்துக்கு அதுதான் தாங்கவில்லை. பதினோரு வருடம் மணி அடித்து ஒத்திகை பார்த்தவர் அவர். நிஜமாக ஆடுகிற அன்றைக்கு வெஸ்ட் அடுத்தவன் முதுகில் இருக்கிறது. ஒன்றாவது தவறட்டும் என்று அவர் மனதாரக் கேட்டுக்கொண்டார்.

படிக்கட்டில் இறங்கும்போது, பன்னிரண்டாவது மாடித் திருப்பத்தில், அவருக்கு டொரத்தியின் நினைவு வந்தது.

பத்து மணி. அந்த நேரத்தில் டொரத்தி ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருப்பார். ஸ்டோர் ரூம் பேன்ட்ரிக்குப் பின்னால், சாமான் லிஃப்டுக்குப் பக்கத்தில். தெரியாதவனுக்கு அது ஒரு கதவு என்றே தெரியாது. முகுந்தன் அந்தப் பக்கம் போகவே இல்லை. போகாததை வேலாயுதம் பார்த்தார். நான்கு படி மேலேதான் முகுந்தன் வந்துகொண்டிருந்தான். திரும்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவர் திரும்பவில்லை. கட்டடம் ஆட்டத்தை நிறுத்திவிட்டது, இனி ஒன்றும் ஆகாது, கீழே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். ஆனால் அது காரணம் இல்லை. எங்கே, யார் முன்னால் சொல்வது என்று அவர் இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். காரணம் அதுதான்.

கீழே கார் நிறுத்துமிடத்தில் நான்கு கட்டடத்து ஆட்கள் வெயிலில் நின்றார்கள். எல்லாருடைய கையிலும் கைபேசி, எல்லாருக்கும் சொல்ல ஒரு கதை. வேலாயுதம் வரிசையில் ஒரு ஆளாக நின்றார். முகுந்தன் கைபேசியைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டான். அவர் பெயர் வந்தபோது "இருக்கேன்" என்று சொல்ல வேண்டியிருந்தது. நாற்பத்து மூன்றுக்கு நாற்பத்து மூன்று.

எண்ணி முடித்ததும் அவன் நேராக வேலாயுதத்திடம்தான் வந்தான்.

"அங்கிள், லிஸ்ட் சரியா இருக்கு. ஆனா லிஸ்ட்ல இல்லாதவங்க யாராச்சும் நம்ம மாடியில இருப்பாங்களா? உங்களுக்குத்தான் தெரியும்."

இதைவிட நேராக ஒருவன் கேட்க முடியாது. பெயர் வேலாயுதத்தின் நாக்கு நுனியில் இருந்தது. அவர் முகுந்தனின் வெஸ்டைப் பார்த்தார், வியர்வையில் சட்டையோடு ஒட்டியிருந்தது.

"லிஸ்ட் உங்க கையிலதானே இருக்கு" என்றார். "நான்தான் ரெஸ்ட்ல இருக்கேனே."

முகுந்தன் ஒரு நொடி அவரைப் பார்த்துவிட்டு, தலையாட்டிக்கொண்டு மேடத்திடம் போனான். புஷ்பவல்லியும் தீயணைப்புப் படையின் பொம்பாக்காரர் ஒருவரும் கட்டடப் பாதுகாவலர்களும் நின்ற இடத்தில், "பதினாறாவது மாடி கிளியர்" என்றான். பாதுகாவலர் அதை எழுதிக்கொள்ளும்வரை வேலாயுதம் காத்திருந்தார். பிறகு முன்னால் போய், ஐம்பது பேருக்குக் கேட்கிற மாதிரி, "டொரத்தி எங்க?" என்று கேட்டார்.

பாதுகாவலர் தான் எழுதிய தாளைத் திரும்பப் பார்த்தார்.

"எந்த டொரத்தி?" என்றார் புஷ்பவல்லி.

"நம்ம கிளீனர் டொரத்தி. ஸ்டோர் ரூம்ல இருப்பாங்க. முட்டி முடியாதவங்க. அவங்கள எறக்காம கிளியர்னு சொல்லியாச்சு."

முகுந்தனின் முகத்தில் ரத்தமே இல்லை. அவன் ஒரு பாதுகாவலரை இழுத்துக்கொண்டு பின்பக்கப் படிக்கட்டுக்கு ஓடினான். "மறுபடி ஆடினாலும் ஆடும், போகாதே" என்று யாரோ கத்தினார்கள், அவன் நிற்கவில்லை.

அடுத்த இருபது நிமிடம் வேலாயுதத்தின் வாழ்க்கையிலேயே இனிப்பான இருபது நிமிடம். இதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. ஆட்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். "அனுபவம்னா அனுபவம்தான் லா" என்றான் விமலன். கைபேசி எத்தனை இருந்தாலும் மனிதன் வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். புஷ்பவல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நான் பண்ணது தப்பு. இனிமே நீங்கதான் பாக்கணும், அந்தத் தம்பிக்கு இது சரிப்படாது" என்றார். அண்ணே என்றார். வேலாயுதம், "பரவால்ல மேடம், சின்னப் பையன், போகப் போகக் கத்துக்குவான்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். அந்தப் பெருந்தன்மையும் தித்தித்தது.

நேரம் போகப் போக அந்த இனிப்பு குறைந்தது. பதினாறு மாடி ஏறி இறங்க இவ்வளவு நேரமா? யாரோ சுமாத்ராவில் மறுபடி ஆடியதாகக் கைபேசியில் படித்துச் சொன்னார்கள். வேலாயுதம் பின்பக்கக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கதவு திறந்தது. முகுந்தன் ஒரு கையில் டொரத்தியின் செருப்பையும், மறு கையில் டொரத்தியின் கையையும் பிடித்துக்கொண்டு வந்தான். டொரத்தி அவன் தோளில் முழுப் பாரத்தையும் போட்டு, ஒரு காலை இழுத்து இழுத்து வைத்தார். கண் அழுது சிவந்திருந்தது. கூட்டத்தில் யாரையோ தேடினார். வேலாயுதத்தைக் கண்டதும் முகுந்தனின் கையை விட்டுவிட்டு, அந்தக் காலோடு அவரிடம் வந்து, அவர் இரண்டு முழங்கையையும் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன" என்றார் வேலாயுதம்.

"எங்க போனீங்கண்ணே. ரொம்ப நேரம் வரவே இல்ல. நீங்க வராம இருக்க மாட்டீங்களே. எங்கயோ மயங்கி விழுந்துட்டீங்கன்னு பயந்துட்டேன். பிரஷர்காரர் வேற. மாடி முழுக்கத் தேடினேன்."

"எறங்க மாட்டேன்னுட்டாங்க" என்றான் முகுந்தன், பொதுவாக எல்லாரிடமும். அவன் வேலாயுதத்தைப் பார்க்கவில்லை. "நான் போறப்போ முட்டி போட்டு மேசைக்குக் கீழயெல்லாம் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அங்கிள் கீழ நல்லாத்தான் இருக்காருன்னு சொன்னா நம்பல. வார்டன் அண்ணன் என்னய விட்டுட்டுப் போக மாட்டாரு, நீ வேணா போன்னு சொன்னாங்க. கடைசியில கீழ இருக்கிறவங்ககிட்ட அங்கிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, அதக் காட்டினப்புறம்தான் வந்தாங்க."

புஷ்பவல்லி முகுந்தனிடம், வெஸ்டைக் கழற்றி அண்ணனிடம் கொடு என்றார். முகுந்தன் மறு பேச்சு இல்லாமல் கழற்றி நீட்டினான். நான்கு மாதம் எதிரே தொங்கியதைப் பார்த்துப் பார்த்து எரிந்த வெஸ்ட். வேலாயுதத்தின் கை அதை வாங்கிக்கொண்டது.

டொரத்தி அந்த வெஸ்டையும் முகுந்தனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாற்காலியில தொங்கினப்பவும் நீங்கதான் போட்டு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். இது எப்படிண்ணே இந்தத் தம்பிகிட்ட இருந்துச்சு?"

முகுந்தன் இப்போது நிமிர்ந்து வேலாயுதத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரத்துக்கு முன்பு அவரிடம் தான் கேட்டதையோ, அவர் சொன்ன பதிலையோ அவன் யாரிடமும் சொல்லப் போவதில்லை என்று வேலாயுதத்துக்கு அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. அவன் அன்றைக்குச் செய்த எல்லாவற்றையும்விட அது பெரிதாக இருந்தது. அதற்கும் அவருக்கு வயிறு எரிந்தது.

"ஜனவரியிலேருந்து அவர்தான் வார்டன்" என்றார் வேலாயுதம். "நான் இல்ல. உங்ககிட்ட நான் சொல்லல."

டொரத்தி அவருடைய முழங்கையை விட்டார். பக்கத்தில் இருந்த சிமென்ட் விளிம்பைத் தடவிப் பிடித்து மெதுவாக உட்கார்ந்து, முட்டியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார்.

"சொல்லியிருந்தா நானே ஒவ்வொரு படியா எறங்கி வந்திருப்பேனே அண்ணே" என்றார்.

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் வேலாயுதம் ஏதாவது பதில் சொல்லியிருப்பார்.